தனிப் பாடவேளை வேண்டாம்: எல்லாப் பாடங்களுக்குள்ளும் சுற்றுச்சூழலைக் கொண்டுவருவது எப்படி?

சுற்றுச்சூழல் கல்வி என்று பேச்செடுத்தாலே ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, "அதுக்கு எங்க சார் நேரம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதன் தலையில் இன்னொரு பாடத்தை ஏற்றினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும்.

ஆனால் இதற்குத் தனிப் பாடவேளை தேவையே இல்லை. நீங்கள் எப்படியும் நடத்தப்போகிற பாடத்தில் எடுத்துக்காட்டை மட்டும் மாற்றினால் போதும். நேர்விகிதத்துக்கு "5 பேனாவின் விலை இவ்வளவு என்றால் 12 பேனாவின் விலை என்ன" என்று கேட்கும் இடத்தில், சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை வைக்கலாம். கணக்கு அதே கணக்குதான், விடை மட்டும் மாணவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற விடையாகிவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1977-இல் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நடத்திய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி ஒரு பாடத்துக்குள் அடங்காமல் எல்லாப் பாடங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என ஐந்து வகை நோக்கங்களையும் வகுத்தது. நடைமுறையில் நாம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். சார்ட் ஒட்டுவோம், முழக்கம் எழுதுவோம், அதோடு சரி. அளக்கவும் முடிவெடுக்கவும் செய்து பார்க்கவும் வாய்ப்புத் தருவது பாட வகுப்புகள்தான். அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் வளாகத்தைச் சுற்றி வாருங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பள்ளியைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, கழிவுநீர் எங்கே போய்த் தேங்குகிறது, குப்பைத் தொட்டியில் என்னென்ன கிடக்கின்றன, ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றுகிறதா, எந்த மரத்தில் பறவை வருகிறது, மதியம் நிழல் எதுவரை நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்லது கெட்டது என்று பிரிக்க வேண்டாம், கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

இந்தப் பட்டியல்தான் உங்கள் ஆய்வகம். பனிப்பாறை உருகுவதைப் பற்றி மாணவர்களுக்குப் படம் காட்டலாம், ஆனால் அதை அவர்களால் அளக்க முடியாது. குழாயை அளக்கலாம். தொலைவில் நடப்பதைக் கற்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தொடக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள்

அடுத்ததாக, நீங்கள் எடுக்கும் வகுப்பின் எல்லாப் பாடங்களுக்கும் உரிய இந்தப் பருவத்தின் பொருளடக்கத்தை ஒரே மேசையில் விரித்து வையுங்கள். எந்த வாரத்தில் எந்த அலகு வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரிசைக்கு ஒரு பாடம், நிரலுக்கு ஒரு வாரம். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

இப்போது வளாகப் பட்டியலையும் இந்தத் தாளையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கில் சராசரி வரும் மாதத்திலேயே அறிவியலில் வெப்பநிலை வரலாம். மொழிப்பாடத்தில் கடிதம் எழுதுதல், அதே சமயம் சமூக அறிவியலில் உள்ளாட்சி என்று அமையலாம். இப்படித் தானாகவே பொருந்தி நிற்கும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். பொருந்தாததை வலிந்து பொருத்த வேண்டாம். இருபடிச் சமன்பாட்டுக்குள் மரம் நடுதலைத் திணித்தால் சமன்பாடும் புரியாது, மரமும் மனதில் நிற்காது. ஒரு பருவத்தில் மூன்று நான்கு இடங்கள் கிடைத்தாலே அது நல்ல அறுவடை.

வட்டமிட்டவற்றில் ஒரே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். நீர், கழிவு, வெப்பம், ஆற்றல், உயிரினங்கள் இவற்றில் ஏதாவது ஒன்று. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் நீரைத்தான் சொல்வேன். எந்தப் பள்ளியிலும் இருக்கிறது, அளப்பதற்கு ஒரு குடுவையும் கடிகாரமும் போதும், எந்தப் பாடத்துக்குள்ளும் சிரமமில்லாமல் நுழையும்.

சொட்டும் குழாயில் ஒரு கணக்கு வகுப்பு

பாடம் நேர்விகிதம். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அளவுக்குடுவை கொடுத்து, ஒழுகும் குழாயின் கீழ் 10 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது, 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தில் 600 சொட்டு, அதாவது 30 மில்லிலிட்டர் சேரும். பார்த்தால் கொஞ்சம்தான். "இதுக்குப் போயா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

அங்கிருந்து கணக்கை நகர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 4.32 லிட்டர். 365 நாளுக்கு 1,576.8 லிட்டர். 12 லிட்டர் வாளியில் பிடித்தால் 131 வாளிக்கு மேல் வரும். இதைக் கரும்பலகையில் நீங்களே எழுதிக் காட்டிவிடாதீர்கள். ஒரு நாள் வரைக்கும் கூட இருங்கள், ஆண்டுக்கு எவ்வளவு என்பதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். எண் பெரிதாகும்போது எங்கேயோ தப்பு நடந்துவிட்டதென்று நினைத்துச் சிலர் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

பாடத்தின் சத்தான பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. எல்லாக் குழுவுக்கும் ஒரே விடை வராது. ஏன்? சொட்டின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும். மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம், காலியாகக் காலியாக அழுத்தம் குறையும், அதனால் காலையில் அளந்ததும் மாலையில் அளந்ததும் ஒத்துப்போகாது. குடுவையின் கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு அளவே பிசகியிருக்கும். அப்படியென்றால் 10 நிமிட அளவை வைத்து ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டது சரியா? "வீதம் மாறாமல் இருக்கும்" என்ற அனுமானத்தின் மேல்தான் நேர்விகிதம் நிற்கிறது என்பதைப் பேனா விலைக் கணக்கு ஒருநாளும் சொல்லித்தராது. குழாய் சொல்லித்தரும். நேரத்தைக் கிடை அச்சிலும் நீரின் அளவைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போட்டால், புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழும். "ஏறக்குறைய" என்ற சொல்லை வைத்தே இன்னொரு பாடவேளை பேசலாம்.

பிடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மாணவர்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

இதில் கணக்கு எங்கும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். விகிதம், அலகு மாற்றம், தசமம், சராசரி, வரைபடம் எல்லாமே நடந்துவிட்டன. பாடம் நடத்தி முடித்ததும் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: சுற்றுச்சூழல் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இது நல்ல கணக்கு வகுப்பாக நிற்கிறதா? நிற்கவில்லையென்றால் பாடக்குறிப்பை மாற்றி எழுதுங்கள்.

அதே குழாய், மற்ற பாடங்களில்

மொழி வகுப்பில் அந்த எண்களை வைத்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். "குழாய் ஒழுகுகிறது, ஆவன செய்க" என்பதற்கும் "ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகிறது, அளந்த விவரம் இணைப்பில் உள்ளது" என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர்களே உணர்வார்கள். பொய்யான முகவரிக்கு எழுதும் மாதிரிக் கடிதத்தைவிட, பதில் வரக்கூடிய கடிதத்தில் எழுத்துப்பிழை குறையும்.

மொழிப்பாடத்தில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளம்பரங்களில் வரும் "இயற்கையானது", "பசுமையானது", "பூமிக்கு உகந்தது" போன்ற அடைமொழிகளை எடுத்து, இவற்றில் எதைச் சோதித்துப் பார்க்க முடியும், எது வெறும் அலங்காரம் என்று பிரிக்கச் சொல்வது. பெயரடை பற்றிய பாடத்துக்கு இதைவிடக் கூர்மையான பயிற்சி கிடைக்காது. இன்னொன்று, தமிழ் கற்பிப்பவர்களுக்குக் கையிலேயே இருக்கும் ஐந்திணை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்த நிலத்தின் மரம், பூ, பறவை, விலங்கு, நீர், தொழில் எல்லாவற்றையும் கருப்பொருளாகக் கோத்த இலக்கணம் அது. மனப்பாடம் செய்யவைப்பதோடு நிறுத்தாமல், பள்ளி இருக்கும் நிலத்துக்குக் கருப்பொருள் பட்டியல் ஒன்றை மாணவர்களே தயாரிக்கட்டும். எந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் திணறுகிறார்கள் என்று பாருங்கள், விவாதம் அங்கிருந்து பிறக்கும்.

அறிவியலில் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று கேளுங்கள். வாஷர், அழுத்தம், நீர் சொட்டாகத் திரள்வதற்குக் காரணமான பரப்பு இழுவிசை என மூன்று அலகுகளுக்கு வழி திறக்கும். உயிரியலுக்கு, அந்தக் குழாயடியில் ஈரமண்ணில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் உயிரினங்களை எண்ணலாம். அதே அளவுக்குக் காய்ந்த தரையிலும் எண்ணி ஒப்பிடலாம்.

புவியியலில் ஒரு செய்முறையை விட்டுவிடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரை உலகத்தின் மொத்த நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 975 மில்லிலிட்டர் உப்புநீர். அதைத் தனியே ஊற்றிவிட்டால் மிஞ்சுவது 25 மில்லிலிட்டர் நன்னீர். அதிலும் 17 மில்லிலிட்டர் அளவுக்குப் பனிப்பாறைகளாகவும் பனிப்படலங்களாகவும் உறைந்து கிடக்கிறது. மீதியில் பெரும்பகுதி நிலத்தடி நீர். ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் என்ன மிஞ்சும்? சொட்டுக்குழாயை எடுத்து, ஒரு மாணவியின் உள்ளங்கையில் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.

மழை வரும் பருவமாக இருந்தால் வடிவியலையும் இழுத்துவரலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். பள்ளிக் கூரையின் பரப்பை அளந்துவிட்டால், மழைமானியைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் வழிந்தோடியது என்று சொல்லிவிடலாம்.

வரலாற்றில் பேரழிவுகளை மட்டும் அடுக்காமல், மனிதர்கள் திருத்திக்கொண்ட கதைகளையும் எடுங்கள். 1952 டிசம்பரில் லண்டனை நச்சுப் புகைமூட்டம் சில நாட்கள் மூடியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அண்டார்ட்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிவதை 1985-இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள், 1987-லேயே மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது, பின்னர் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. இரண்டிலும் யார் எதிர்த்தார்கள், எந்தச் சான்று முடிவை மாற்றியது என்று கேட்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

ஓவியத்துக்கு ஒரு வேண்டுகோள்: அழுகிற பூமிப்பந்தைக் கொஞ்ச காலம் விட்டுவிடுவோம். வளாகத்தில் உள்ள ஒரே மரத்தை மாதம் ஒருமுறை அதே இடத்தில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். உடற்கல்வியில் சிமெண்டுத் தரை, மண்தரை, மரநிழல் மூன்றிலும் ஒரே நேரத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்து, விளையாட்டை எங்கே எப்போது வைப்பதென்று மாணவர்களே முடிவு செய்யட்டும்.

மேல்வகுப்பு என்றால், ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா மலை ஆய்வகத்தின் வரைபடம் ஒன்று போதும். 1958 முதல் அங்கே காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்துவருகிறார்கள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கோடு மேலே ஏறுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதில் ஆண்டுதோறும் ரம்பப்பல் போல ஓர் ஏற்ற இறக்கமும் இருக்கிறது, அது ஏன் என்று கேளுங்கள். வட அரைக்கோளத்தின் தாவரங்கள் கோடையில் வாயுவை இழுத்துக்கொள்வதும், குளிர்காலத்தில் திரும்ப வெளிவிடுவதும் அந்தப் பற்களில் தெரிகின்றன. புள்ளியியலும் ஒளிச்சேர்க்கையும் ஒரே தாளில்.

சக ஆசிரியர்களை எப்படிச் சேர்ப்பது?

பெரிய கூட்டம் போட்டு அறிவித்தால் வேலை நடக்காது. முதல் பருவத்தில் ஒருவர் போதும். கணக்கு எடுப்பவர் நீங்கள் என்றால் மொழி ஆசிரியரிடம் போய், "என் வகுப்பில் இந்த எண்கள் வந்திருக்கின்றன, நீங்கள் கடிதப் பாடம் எடுக்கும்போது பயன்படுத்திக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவருக்கு வேலை கூடவில்லை, எடுத்துக்காட்டு கிடைத்தது. இப்படிக் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாணவர்கள் வகுப்பு நேரத்தில் குழாயடியில் நிற்பதைப் பார்த்து அவர் திகைக்க வேண்டாம்.

தகவலைச் சரிபார்க்காமல் சொல்லாதீர்கள்

இந்தத் துறையில் சுற்றிவரும் தவறான தகவல்கள் ஏராளம், அதுவும் நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுபவை. "பிளாஸ்டிக் பாட்டில் மட்க 450 ஆண்டு ஆகும்" என்று சார்ட்டில் எழுதியிருப்பார்கள். முழுச் செயற்கைப் பிளாஸ்டிக்கான பேக்லைட்டே 1907-இல்தான் உருவானது. 450 ஆண்டு யாரும் காத்திருந்து பார்த்ததில்லை, அது ஒரு மதிப்பீடு. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே. அமேசான் காடு உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தருகிறது என்பதும் இப்படித்தான். அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள உயிர்களும் மட்கும் பொருட்களுமே செலவழித்துவிடுகின்றன. காட்டைக் காப்பதற்கு வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வந்து பூமி சூடாகிறது என்று நினைப்பது இன்னொரு பரவலான குழப்பம். ஓசோன் மெலிவதால் புற ஊதாக் கதிர் கூடுதலாக வருகிறது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள். இரண்டையும் தனித்தனியே நடத்துங்கள்.

மாணவர் ஒருவர் கேள்வி கேட்டு உங்களுக்கு விடை தெரியாவிட்டால் கரும்பலகையின் ஓரத்தில் கேள்வியை எழுதிவையுங்கள். அடுத்த வாரம் சேர்ந்து தேடலாம்.

எந்த வயதுக்கு எவ்வளவு?

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அழிவின் கதை வேண்டாம். எறும்பு, இலை, மழை, மண், அவ்வளவு போதும். தொட்டுப் பழகிப் பிடித்துப்போன பிறகுதான் அது குறைகிறது என்ற செய்திக்கு அர்த்தம் வரும். நடுநிலை வகுப்புகளில் வளாக அளவிலான சிக்கல்களை எடுக்கலாம். காலநிலை மாற்றத்தை அதன் முழு அளவோடு உயர்நிலைக்கு விடுங்கள். அங்கும் ஒவ்வொரு சிக்கலோடும் "இதில் என்ன செய்யப்பட்டிருக்கிறது, நாம் எதைச் செய்ய முடியும்" என்ற பகுதியைப் பாடக்குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் போய்ப் பெற்றோரைத் திருத்து என்று குழந்தைகளை அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சின்னத் தோளில் ஏற்றுவது அது. பள்ளியில் அளந்து, பள்ளியில் மாற்றிக் காட்டட்டும். குப்பையைப் பிரித்து எடைபோடும் வேலையாக இருந்தால் கையுறை கட்டாயம். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் நீங்களே முன்கூட்டியே பார்த்து அகற்றிவிடுங்கள்.

மதிப்பீட்டில் சேர்க்கவில்லையென்றால்

தேர்வில் வராததை மாணவர்கள் பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்தந்தப் பாடத்தின் வினாத்தாளிலேயே ஒரு வினாவாவது வரட்டும். "நீரைச் சேமிப்பதன் அவசியம் யாது?" என்ற வினா வேண்டாம், அதற்கு எல்லோரும் ஒரே பத்தியை எழுதுவார்கள். ஐந்து நாள் அளவீட்டைக் கொடுத்து, சராசரி கண்டு, எந்த நாளின் அளவு சந்தேகத்துக்குரியது, ஏன் என்று கேளுங்கள். மனப்பான்மைக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலை எழுதப் பழகிவிடுவார்கள்.

குழாய் சரிசெய்யப்பட்டதும் இன்னொரு முறை குடுவையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சரிசெய்யப்படவில்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் எழுதுவது மொழி வகுப்பின் அடுத்த பயிற்சி.

பருவம் முடியும்போது எல்லா அளவீடுகளையும் ஒரு குறிப்பேட்டில் தொகுத்துப் பள்ளியிலேயே வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு ஒப்பிட ஒரு தரவு கிடைக்கும். தேதி, நேரம், அளந்த இடம் ஆகியவற்றோடு எந்தக் குடுவையில் அளந்தோம் என்பதையும் எழுதிவையுங்கள். கருவி மாறிவிட்டால் வேறுபாடு குழாயில் வந்ததா, குடுவையில் வந்ததா என்று சொல்ல முடியாது.